மலை மறைக்கும் செயற்கைக்கோள்: வாசகர் கேள்வி–பதில்

செயற்கைக்கோளைப் பின்தொடரும் தரை நிலையத்தின் உணரிகளுக்கு (ஆண்டெனா, கேமரா போன்றவை) சிமுலேஷன் மென்பொருளில் பார்வை வரம்பு, அதாவது செயற்கைக்கோள் எப்போது தெரிவதாகக் கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை, இடுவதைப் பற்றியே இம்மாதக் கடிதங்களில் பெரும்பாலானவை கேட்கின்றன. எழுதியவர்கள் எல்லோரும் கேரள எல்லையை ஒட்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வசிப்பவர்கள். சமவெளிக்காரர்களுக்கு, மலை வானத்தை மறைக்கும் இந்தச் சிக்கல் இவ்வளவு சீக்கிரம் கண்ணில் படுவதில்லை.

கேள்வி: எங்கள் கல்லூரி மொட்டை மாடியில் 435 மெகாஹெர்ட்ஸுக்கான யாகி ஆண்டெனாவை (ஒரு திசையை நோக்கும் கம்பி ஆண்டெனா), அதைத் திருப்பும் சுழலியோடு பொருத்தியிருக்கிறோம். 500 கிலோமீட்டர் உயரத்தில் துருவப் பாதையில் செல்லும் செயற்கைக்கோளை மென்பொருளில் ஓடவிட்டால், தலைக்கு மேலே செல்லும் கடப்பு (ஒரு முறை வானத்தைக் கடந்து போவது) 11 நிமிடத்துக்கு மேல் தெரியும் என்று வருகிறது. நடைமுறையில் பாதி நேரம்தான் சிக்னல் கிடைக்கிறது. குறைந்தபட்ச ஏற்றக் கோணத்தை (தொடுவானத்திலிருந்து மேல்நோக்கி அளக்கும் கோணம்) 25 பாகை என்று வைத்தால் கணக்கு ஒத்துவிடும் என்கிறார் எங்கள் சீனியர். அப்படிச் செய்யலாமா ஐயா?
— பொறியியல் மாணவர், கம்பம்

பதில்: செய்யாதீர்கள். கணக்கு ஒத்துப்போவது போலத் தோன்றும்; ஆனால் தவறான காரணத்துக்காக ஒத்துப்போகும்.

முதலில் உங்கள் 11 நிமிடம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். எந்த வரம்பும் இடாத நிலையில் மென்பொருள் பூமியை வழுவழுப்பான ஒரு கோளமாகவோ நீள்கோளமாகவோ கொண்டு, தொடுவானத்துக்கு மேலே செயற்கைக்கோள் இருக்கும் நேரம் முழுவதையும் பார்வை நேரம் என்று எழுதிவிடும். 500 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 94.6 நிமிடம் ஆகும். தலைக்கு நேர்மேலே செல்லும் கடப்பு, 0 பாகையிலிருந்து 0 பாகை வரை, சுமார் 11.5 நிமிடம் நீடிக்கும். குறைந்தபட்ச ஏற்றக் கோணத்தை 10 பாகையாக உயர்த்தினால் அதுவே 7.4 நிமிடமாகச் சுருங்குகிறது. 25 பாகை என்றால் மிஞ்சுவது 4 நிமிடம்தான். கடப்பின் நீளம் மட்டும் குறைவதில்லை, கடப்புகளின் எண்ணிக்கையும் குறைகிறது. உங்கள் அட்சரேகையில் துருவப் பாதைச் செயற்கைக்கோள் ஒன்று 0 பாகை வரம்புக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்குக்குச் சற்றுக் குறைவான முறை தெரியும். 10 பாகைக்கு இரண்டரை முறை. 25 பாகைக்கு ஒரு முறைக்குச் சற்று அதிகம். சீனியர் சொல்லும் எண்ணை வைத்தால் உங்கள் நிலையத்துக்கு உண்மையில் எட்டக்கூடிய வானத்தில் பெரும்பகுதியை நீங்களே மூடிவிடுகிறீர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு ஏறத்தாழத் தெற்கிலிருந்து வடக்காக நீண்டு கிடக்கிறது. மேற்கே கேரள எல்லை மலை, கிழக்கே மேகமலை, தெற்கே கூடலூருக்கு அப்பால் குமுளிக்கு ஏறும் மலை, வடக்கே மட்டும் சமவெளி திறக்கிறது. இப்படிப்பட்ட இடத்துக்கு ஒரே ஒரு ஏற்றக் கோணத்தை வரம்பாக வைப்பது, நான்கு திசையிலும் ஒரே உயரத்தில் மதில் எழுப்பியது போன்றது. தேவைப்படுவது, திசைக் கோணத்துக்குத் திசைக் கோணம் (வடக்கிலிருந்து சுற்றி அளப்பது) தொடுவானம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சொல்லும் அட்டவணை. மென்பொருள்களில் அதை அசிமத்–எலிவேஷன் மாஸ்க் என்பார்கள்.

வேறுபாட்டை ஒரு கணக்கில் காட்டுகிறேன். எடுத்துக்காட்டாக உங்கள் மாடியிலிருந்து வடக்கே தொடுவானம் 4 பாகை, தெற்கே 8, மேற்கே 12, கிழக்கே 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே வடக்கு–தெற்காகச் செல்லும் கடப்பு பள்ளத்தாக்கின் நீளவாக்கிலேயே ஓடுவதால், பக்கவாட்டு மலைகள் அதைத் தொடுவதே இல்லை. அது ஏறத்தாழ 8.8 நிமிடம் தெரியும். 25 பாகை என்ற ஒற்றை எண் அதில் பாதிக்கு மேலே வெட்டி எறிந்திருக்கும். மாறாக, பூமியின் மையத்திலிருந்து அளந்தால் உங்களுக்கு மேற்கே 15 பாகை தள்ளிச் செல்லும் கடப்பு உச்சத்திலேயே 8.5 பாகைதான் ஏறும் என்பதால், மேற்கு மலைக்குப் பின்னாலேயே வந்து பின்னாலேயே போய்விடும். பக்கத்து மலைகள் எத்தனை கடப்புகள் கிடைக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. வடக்கும் தெற்கும் நல்ல கடப்பு எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. இதை எந்த ஒற்றை எண்ணும் சொல்லாது.

அட்டவணையைத் தயாரிக்க இரண்டு வழிகள் உண்டு; இரண்டையும் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. முதலாவது, நிலப்பரப்பு உயரத் தரவை மென்பொருளுக்குக் கொடுத்து அதையே கணக்கிடச் சொல்வது. 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடத்திலிருந்து ரேடார் மூலம் எடுக்கப்பட்ட எஸ்.ஆர்.டி.எம். தரவு 30 மீட்டர் இடைவெளியில் இலவசமாகக் கிடைக்கிறது. கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் படங்களிலிருந்து இஸ்ரோ தயாரித்த கார்ட்டோடெம் தரவு, அதன் புவன் வரைபட இணையதளத்தில் இருக்கிறது. மலைக்கு இவை போதும். ஆனால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம், இருபது ஆண்டுகளில் வளர்ந்த தென்னந்தோப்பு ஆகியவை அந்தத் தரவுக்குத் தெரியாது. அவற்றுக்கு ஆண்டெனா நிற்கும் இடத்திலேயே நின்று, 10 பாகைக்கு ஒரு திசையாகச் சாய்வுமானி கொண்டு அளக்க வேண்டும். திசைக்குக் காந்த ஊசியை நம்புவீர்களானால், நம் பகுதியில் காந்த விலக்கம் இரண்டு பாகைக்குள்தான். அதனால் பெரிய தொல்லை இல்லை. மாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் கம்பிகளும் ஆண்டெனாவின் இரும்புத் தாங்கியும் அதைவிடப் பல மடங்கு ஊசியைத் திருப்பிவிடும். ஆகையால் இரும்பை விட்டு விலகி நின்று பாருங்கள்.

மேற்குத் திசையைச் சரிபார்க்க உங்கள் ஊரிலேயே ஒரு வசதி இருக்கிறது. பஞ்சாங்கம் சொல்லும் அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே கம்பத்தில் வெயில் மலைக்குப் பின்னால் போய்விடும். சூரியனின் விளிம்பு முகட்டில் மறையும் கணத்தைக் கடிகாரத்தில் குறித்து, அந்த நேரத்துக்குச் சூரியனின் ஏற்றக் கோணத்தையும் திசைக் கோணத்தையும் மென்பொருளிலேயே கேட்டால், மாஸ்க்கின் ஒரு புள்ளி காந்த ஊசி இல்லாமலேயே கிடைத்துவிடும். அந்த நேரத்தில் சூரியன் 1 பாகை இறங்க 4 நிமிடத்துக்குச் சற்று அதிகம் எடுப்பதால், முகடு 10 பாகை உயரம் என்றால் வெயில் நாற்பது நிமிடத்துக்கு மேல் முன்னதாகவே மறையும். இந்த முறை மேற்குக்கு இருபுறமும் ஏறத்தாழ 24 பாகை வரைதான் பயன்படும். ஆண்டு முழுவதும் பார்த்தாலும் சூரியன் அதற்கு மேல் விலகாது.

நிலையத்தின் உயரத்தைக் கொடுக்கும்போது கவனம் தேவை. நாம் பழக்கத்தில் சொல்வது கடல்மட்டத்துக்கு மேலான உயரம். பல மென்பொருள்கள் கேட்பதோ, பூமியின் வடிவமாகக் கணக்கில் கொள்ளப்படும் டபிள்யூ.ஜி.எஸ்.-84 என்ற நீள்கோளத்துக்கு மேலான உயரம். இந்தியப் பெருங்கடலின் ஈர்ப்புத் தாழ்வு காரணமாகத் தென் தமிழகத்தில் கடல்மட்டப் பரப்பு அந்த நீள்கோளத்துக்கு ஏறத்தாழ 90 மீட்டர் கீழே கிடக்கிறது. கடல்மட்ட உயரத்தை அப்படியே இட்டால், உங்கள் நிலையம் மாடியிலிருந்து 90 மீட்டர் மேலே அந்தரத்தில் நிற்கும். 5 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மலை உண்மையைவிட 1 பாகை தாழ்வாகத் தெரியும். வேறு நாடுகளில் எழுதிய பாடங்களைப் பின்பற்றுவோர் இதைக் கவனிக்காமல் போவது இயல்பு, ஏனென்றால் உலகில் பல இடங்களில் இந்த வேறுபாடு இதைவிட மிகச் சிறியது.

இனி, மாஸ்க்கைச் சரியாக இட்ட பிறகும் சிக்னல் நேரம் குறைவாகவே இருந்தால் அதற்கு மலையைக் குறை சொல்லக் கூடாது. தலைக்கு மேலே 500 கிலோமீட்டரில் இருக்கும் செயற்கைக்கோள் 10 பாகையில் 1,695 கிலோமீட்டர் தொலைவிலும், 5 பாகையில் 2,078 கிலோமீட்டர் தொலைவிலும் இருக்கிறது. தொலைவு கூடுவதால் மட்டுமே சிக்னல் 5 பாகையில் 12 டெசிபெலுக்குச் சற்று அதிகமாகத் தளர்ந்துவிடும். உங்கள் ரிசீவர் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் இரைச்சலில் சிக்னலைத் தொலைத்துவிடுகிறது என்றால், அதை ஏற்றக் கோணமாக மாற்றி எழுதாமல், உணரியின் அதிகபட்சத் தொலைவு வரம்பாகவே எழுதுங்கள். அடுத்த மாதம் 600 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோளைப் பார்க்க நினைக்கும்போது தொலைவு வரம்பு அப்படியே பொருந்தும். ஏற்றக் கோண வரம்பு பொருந்தாது.

கேள்வி: நிலையத்துக்கும் வரம்பு இடலாம், அதன் மேல் பொருத்திய உணரிக்கும் இடலாம், செயற்கைக்கோளுக்கும் இடலாம் என்று மென்பொருளில் இருக்கிறது. எதில் இடுவது? எல்லாவற்றிலும் இட்டால் எது செல்லும்?
— இயற்பியல் முதுகலை மாணவி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்

பதில்: தடை யாருடையதோ அவரிடம் இடுங்கள். மலை, மரம், கட்டடம் ஆகியவை இடத்தின் தடைகள். ஆண்டெனாவைக் கழற்றிவிட்டு அங்கே கேமரா வைத்தாலும் அவை அங்கேயேதான் இருக்கும். ஆகவே மாஸ்க் நிலையத்துக்கு உரியது. சுழலி எந்தக் கோணம் வரை திரும்பும், எவ்வளவு வேகமாகத் திரும்பும், ரிசீவர் எவ்வளவு தொலைவு கேட்கும், லென்ஸின் பார்வை எவ்வளவு அகலம் என்பவை உணரியின் தடைகள். செயற்கைக்கோளின் மீது வெயில் படுகிறதா என்பது செயற்கைக்கோளின் நிலை.

ஒரு பார்வைக் கணக்கில் பங்கேற்கும் இரு முனைகளின் வரம்புகளும் ஒரே நேரத்தில் நிறைவேற வேண்டும். ஒன்று மற்றொன்றை வெல்வது என்ற பேச்சே இல்லை. நிலையத்தில் 5, உணரியில் 10 என்று இருந்து இரண்டும் கணக்கில் சேர்ந்தால் விடை 10 பாகைக்கு உரியதாகவே வரும். ஆனால் உணரியை ஒரு முனையாகத் தேர்ந்தெடுத்துக் கணக்கிடும்போது, அது நிற்கும் நிலையத்தின் வரம்புகளும் சேருகின்றனவா என்பது மென்பொருளுக்கு மென்பொருள், அமைப்புக்கு அமைப்பு மாறும். கையேட்டைப் புரட்டுவதைவிட ஒரு சிறு சோதனை விரைவானது: நிலையத்துக்கு வேண்டுமென்றே 80 பாகை என்று ஓர் அசாத்திய வரம்பை இட்டு, உணரியிலிருந்து கணக்கை மீண்டும் ஓட்டுங்கள். கடப்புகள் ஏறத்தாழ அனைத்தும் மறைந்தால் நிலையத்தின் வரம்பு சேருகிறது. ஒன்றும் மாறவில்லை என்றால் சேரவில்லை, மாஸ்க்கை உணரிக்கும் இட்டாக வேண்டும். சோதனை முடிந்ததும் அந்த 80-ஐ நீக்க மறந்துவிடாதீர்கள்.

எஸ்.டி.கே. என்ற சிமுலேஷன் மென்பொருளைப் பயன்படுத்துவோர் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. நிலப்பரப்புத் தரவிலிருந்து மாஸ்க்கைக் கணக்கிடுவது ஒரு வேலை. அந்த மாஸ்க்கைப் பார்வைக் கணக்கின் வரம்பாகப் பயன்படுத்து என்று டிக் இடுவது வேறொரு வேலை. முதலாவதை மட்டும் செய்தால் திரையில் மலையின் விளிம்பு அழகாக வரையப்பட்டிருக்கும், விடையோ மாறாமல் இருக்கும். நாசாவின் ஜிமேட் மென்பொருள் இதற்கு நேர் எதிர். தரை நிலையத்துக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டாலும் 7 பாகையைக் குறைந்தபட்ச ஏற்றக் கோணமாகத் தானே எடுத்துக்கொள்ளும். இரண்டு மென்பொருள்களின் விடைகள் ஒத்துப்போகவில்லை என்று வரும் கடிதங்களில் பாதிக்கு இதுவே பதிலாக அமையும். ஜாவா நிரல் எழுதத் தெரிந்தவராக இருந்தால் ஓரெகிட் என்ற நிரல் நூலகம் நேரடியானது: திசைக் கோணம், ஏற்றக் கோணம் என்று இணை இணையாகப் புள்ளிகளைக் கொடுத்தால் இடைப்பட்டவற்றை அதுவே நேர்கோட்டில் நிரப்பிக்கொள்ளும்.

உணரியின் பார்வையைக் கூம்பு வடிவில் அமைக்கும்போது மென்பொருளின் உள்ளீட்டுப் பெட்டி கேட்பது பெரும்பாலும் பாதிக் கோணம். ஆண்டெனாவின் விவரத்தாளில் இருப்பதோ முழு அகலம். 40 பாகை அகலமுள்ள கற்றைக்கு (ஆண்டெனா சிக்னலை ஏற்கும் கூம்பு) 20 என்று எழுத வேண்டும். நேராக வானைப் பார்த்து அசையாமல் நிற்கும் உணரிக்கு 80 பாகை பாதிக் கோணம் கொடுப்பதும் 10 பாகை குறைந்தபட்ச ஏற்றக் கோணம் இடுவதும் ஒன்றே; உணரியைச் சற்றே சாய்த்தாலும் அந்தச் சமன் உடைந்துவிடும்.

கேள்வி: செயற்கைக்கோள்களைக் கேமராவில் படம் பிடிப்பது என் பொழுதுபோக்கு. மென்பொருள் தரும் பட்டியலில் நண்பகல் கடப்புகளும் நள்ளிரவுக் கடப்புகளும் கலந்து வருகின்றன. தேவையானவற்றை மட்டும் எப்படிப் பிரிப்பது?
— வங்கி ஊழியர், செங்கோட்டை

பதில்: இரண்டு வரம்புகள் தேவை, இரண்டும் வெவ்வேறு முனையில். உங்கள் இடத்துக்குச் சூரியனின் ஏற்றக் கோணம் அதிகபட்சம் −12 பாகை என்று இடுங்கள். அப்போது வானம் போதுமான அளவு இருட்டியிருக்கும். செயற்கைக்கோளுக்கு நேரடி வெயில் படும் நேரம் மட்டும் என்று இடுங்கள். வெயில் நிபந்தனையைத் தவறுதலாக நிலையத்துக்கு இட்டவர்களுக்குப் பட்டியல் வெறுமையாக வரும், ஏனென்றால் இடம் இருட்டாகவும் வெயிலாகவும் ஒருசேர இருக்க முடியாது.

500 கிலோமீட்டர் உயரத்தில் தலைக்கு மேலே இருக்கும் கோளின் மீது, சூரியன் நமக்குத் தொடுவானத்துக்கு 22 பாகை கீழே இறங்கும் வரை வெயில் படும். நம் அட்சரேகையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் −12-இலிருந்து −22 வரை செல்ல நாற்பது நிமிடம்தான் ஆகும். ஐரோப்பாவில் கோடை இரவு முழுவதும் படம் எடுப்பவர்களைப் பார்த்து ஏங்க வேண்டாம். நமக்கு வாய்த்தது மாலையில் ஒரு துண்டு, விடியலில் ஒரு துண்டு.

செங்கோட்டைக்காரருக்கு விடியலே மேல் என்பேன். மாலையில் பூமியின் நிழல் கிழக்கிலிருந்து எழுவதால், கடைசிவரை ஒளிரும் கோள்கள் மேற்கு வானத்தில் இருக்கும்; அங்கேதான் உங்களுக்கு மலை நிற்கிறது. விடியலில் ஒளிரும் பகுதி கிழக்கு. அங்கே தென்காசி தாண்டித் திருநெல்வேலி வரை சமவெளி. மாஸ்க்கையும் வெயில் நிபந்தனையையும் ஒன்றாக இட்டுப் பார்த்தால் காலைப் பட்டியல் நீளமாக இருப்பதை நீங்களே காணலாம். ஒரு குறை: சூரியன் இருக்கும் பக்கத்தில் தாழ்வாகத் தெரியும் கோளின் ஒளிபட்ட முகம் பெரும்பாலும் நமக்கு அப்பால் திரும்பியிருக்கும், அதனால் சில மங்கலாகவே பதியும். சாரல் காலத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: குறைந்தபட்ச ஏற்றக் கோணம் புரிகிறது. அதிகபட்ச ஏற்றக் கோணம் என்று ஒரு பெட்டி இருக்கிறதே, உச்சி வானத்தை யார் மறைக்கப் போகிறார்கள்?
— பள்ளி ஆசிரியர், மூணாறு

பதில்: யாரும் மறைப்பதில்லை, சுழலிதான் திணறும். கிடைமட்டமாகவும் செங்குத்தாகவும் திரும்பும் தாங்கியில், கோள் உச்சியை நெருங்கும்போது திசைக் கோணம் வெகு வேகமாகப் புரண்டாக வேண்டும். 500 கிலோமீட்டர் உயரக் கோள் 85 பாகை வரை ஏறும் கடப்பில், உச்சக் கணத்தில் விநாடிக்குச் சுமார் 10 பாகை திரும்பச் சொல்லும். ஒரு முழுச் சுற்றுக்கு ஒரு நிமிடம் எடுக்கும் சுழலியின் வேகம் விநாடிக்கு 6 பாகைதான் என்பதால், ஏறத்தாழ 82 பாகைக்கு மேல் அது பின்தங்கிவிடும். அத்தகைய கடப்பு பத்து நாளுக்கு ஒன்று வந்தால் அதிகம். கற்றை அகலமான யாகி வைத்திருப்பவர் இந்தப் பெட்டியைத் தொடவே வேண்டாம். சில விநாடி பின்தங்கினாலும் கோள் கற்றைக்குள்ளேயே இருக்கும். கற்றை குறுகிய டிஷ் வைத்திருப்பவருக்கு, ஏற்றக் கோணத்துக்கு வரம்பு இடுவதைவிடத் திசைக் கோண வேகத்துக்கே நேரடியாக வரம்பு இடுவது சரியானது.

கேள்வி: வளிமண்டல ஒளிவிலகலைச் சேர்க்கவா என்று மென்பொருள் கேட்கிறது. சேர்க்க வேண்டுமா?
— கல்லூரி விரிவுரையாளர், களியக்காவிளை

பதில்: தொடுவானத்தில் ஒளிவிலகல் அரை பாகைக்குச் சற்று அதிகம், 10 பாகை உயரத்தில் அது பாகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் பக்கத்துக் கடற்கரையில் நிலையம் அமைத்துத் தென்மேற்கே கடலின் விளிம்பு வரை பார்ப்பதாக இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள். தலைக்கு மேலே செல்லும் கடப்பின் கடல் பக்கத்து முனையில் எட்டு விநாடி அளவுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். மேலே கம்பத்து மாணவருக்கு அது தேவையே இல்லை.